நோயாளியின் ஹக்: புற்றுநோய் கண்டவருக்குரிய உரிமைகள் பற்றி ஒரு பாடம்



ஹக் என்ற சொல்லை நாம் அன்றாடம் புழங்குகிறோம். எடையில் குறைத்தால் அது பிறர் ஹக். கூலியைப் பிடித்து வைத்தால் அது பிறர் ஹக் என்பது நம் கடைச் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் நோயாளிக்கு ஹக் உண்டு என்றால் நம்மில் பலர் திகைக்கிறார்கள். நோயாளி என்பவர் பிறர் தயவில் கிடப்பவர், அவருக்குச் செய்வதெல்லாம் உபகாரம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். உபகாரம் என்பது கொடுப்பவன் மனம்போல் கூடும், குறையும். ஹக் அப்படிக் கூடிக் குறையாது. ஆகவே புற்றுநோய் கண்ட ஒருவருக்கு இந்நாட்டில் என்னென்ன உரிமைகள் உண்டு, அவற்றில் எவை நம் கையில் இருக்கின்றன என்பதை இங்கே வரிசையாகப் பார்ப்போம். நான் டாக்டரும் அல்லன், வக்கீலும் அல்லன். கடைக்காரர் ஒருவர் மற்றக் கடைக்காரர்களுக்குச் சொல்லும் பாடம் இது.

இது எவருக்கோ வரும் வியாதி என்று ஒதுக்குவதற்கில்லை. மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி 2012 முதல் 2016 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 115,238 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை அடைந்த பிறகே தெரியவந்தது. பயமும் வெட்கமும் "கடையை யார் பார்ப்பது" என்ற கவலையும் சேர்ந்து நம்மவரை ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிந்தி அனுப்புகின்றன.

1. தம் நோயைத் தாம் அறியும் உரிமை

நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பது இது. பரிசோதனை முடிவு வந்ததும் மூத்த மகன் டாக்டரைத் தனியே அழைத்து, "அத்தாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்கிறான். அன்பினால்தான் சொல்கிறான், மறுப்பதற்கில்லை. ஆனால் நோய் அத்தாவுடையது, உடம்பும் அவருடையது. டாக்டர் இரகசியம் காக்கும் கடமை பட்டிருப்பது நோயாளியிடம். நோயாளியின் சம்மதத்தோடு குடும்பத்தாருக்குச் சொல்வதே முறை. நாமோ குடும்பத்தாரின் சம்மதத்தோடு நோயாளிக்குச் சொல்ல வேண்டும் என்று முறையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

வியாபாரிக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. யாரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தப் பங்காளியிடம் எழுத்தில்லாத கணக்கு இருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் முதலாளியின் மனத்தில் மட்டுமே இருக்கும். நோயை மறைத்தால் அந்தக் கணக்கும் அவரோடு மறைந்துபோகும். கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், யாரிடமேனும் மன்னிப்புக் கேட்கவும் ஒரு மனிதருக்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள நமக்கு ஹக் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முகத்துக்கு நேரே கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. "உங்கள் நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? யார் உடனிருக்க வேண்டும்?" என்று நோயாளியைக் கேட்க வேண்டும். "விவரம் எனக்கு வேண்டாம், என் மகளிடம் சொல்லுங்கள்" என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமையே. டாக்டரின் பேச்சு விளங்கவில்லையென்றால் தமிழில் விளக்க ஒருவரைக் கேட்கலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ கிடைப்பது அரிதன்று.

2. சம்மதிக்கவும் மறுக்கவும் உரிமை

அறுவைச் சிகிச்சைக்கும், கீமோ மருந்துக்கும், கதிர்வீச்சுக்கும் முன்னால் ஒரு பாரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். பலர் அதைப் படியாமலே ஒப்பமிடுகிறார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது.

1982-ஆம் ஆண்டு சாலை விபத்தில் கழுத்தெலும்பு இடம்பெயர்ந்த ஒரு பெண்மணி, கிள்ளான் பள்ளத்தாக்கில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் முடமானார். இத்தகைய அபாயம் உண்டு என்று தமக்கு முன்னதாகச் சொல்லப்படவில்லை என்பது அவர் முறையீடு. உயர்நீதிமன்றத்தில் வென்று, மேல்முறையீட்டில் தோற்று, முடிவில் விபத்து நடந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006 டிசம்பர் 29 அன்று, கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. சிகிச்சையில் உள்ள முக்கியமான அபாயங்களை நோயாளிக்குச் சொல்ல டாக்டர் கடமைப்பட்டவர். எதைச் சொல்வது என்பதை மற்ற டாக்டர்களின் வழக்கத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது. நோயாளியின் நிலையிலிருப்பவர் எதை முக்கியமென்று கருதுவார் என்று பார்க்க வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். 2017-இல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், ஆலோசனை கூறுவதற்கே இவ்வளவுகோல் பொருந்தும், நோயைக் கண்டறிவதும் சிகிச்சை செய்வதும் மருத்துவத் துறை ஏற்கும் முறையால் அளக்கப்படும் என்று தெளிவுபடுத்தியது. அந்த வழக்கு புற்றுநோய் வழக்கன்று. ஆயினும் அதன் பலன் இந்நாட்டில் கையெழுத்திடும் ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.

ஆகவே ஒப்பமிடுமுன் இவற்றைக் கேளுங்கள்:

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?
இந்தச் சிகிச்சை நோயைப் போக்கவா, அல்லது கட்டுக்குள் வைக்கவா?
இதனால் வரும் தீங்குகள் யாவை? பிள்ளைப்பேற்றைப் பாதிக்குமா?
வேறு வழி உண்டா? ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
எத்தனை மாதம் ஆகும்? இடையில் வேலைக்குப் போகலாமா?

வேறொரு டாக்டரின் அபிப்பிராயம் கேட்பதும் உரிமையே. 1995-இல் இந்நாட்டில் வெளியான நோயாளிகள் சாசனம் அதை ஏற்கிறது. அதனால் முதல் டாக்டருக்கு அவமரியாதை ஒன்றுமில்லை. ஒரு லாரிச் சரக்கு வாங்க மூன்று இடத்தில் விலை கேட்கிறோமே!

பெண்கள் விஷயத்தில் ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பி, தெளிந்த அறிவோடு இருக்கும் பெண்ணின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதமே சம்மதம். கணவன் ஊரிலிருந்து வரட்டும், அண்ணன் பேசட்டும் என்று மார்பகக் கட்டியோடு வாரக்கணக்கில் காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது பெண் தாதி உடனிருக்கக் கேட்கலாம். வெட்கத்துக்கு அது மருந்து. தாமதத்துக்கு மருந்து இல்லை.

3. கட்டணக் கணக்குக் கேட்கும் உரிமை

அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜைகளுக்குக் கட்டணம் மிகக் குறைவு. சிறப்பு மருத்துவர் பகுதிக்குப் பொதுவாக 5 வெள்ளிதான். புத்ராஜெயாவில் 2013-இல் திறக்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கழகம் இந்நோய்க்கென்றே அமைந்தது. சில விலையுயர்ந்த மருந்துகளும் கருவிகளும் வழக்கமான கட்டணத்தில் அடங்கா. அப்போது ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க அவர்களே வழிகாட்டுவார்கள். குறைந்த வருமானமுள்ள, 40 வயது கடந்த குடும்பத்தாருக்கு 2019-இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 வெள்ளி ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும் உண்டு. மக்னா என்னும் தேசியப் புற்றுநோய் மன்றம் 1994 முதலும், மலேசியத் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் 1966 முதலும் இயங்கி வருகின்றன. ஸக்காத் பெறத் தகுதியுள்ளவர் சிலாங்கூரில் ஸக்காத் வாரியத்தையும், கோலாலம்பூரில் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய மன்றத்தையும் நாடலாம்.

தனியார் ஆஸ்பத்திரிக்கு 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள் சட்டமும், 2006-ஆம் ஆண்டின் விதிகளும் உண்டு. அவற்றின்படி செலவு மதிப்பீட்டை முன்னதாகக் கேட்கலாம். பில்லை இனம் இனமாகப் பிரித்துக் கேட்கலாம். டாக்டரின் கட்டணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. அறை, மருந்து, சாமான் ஆகியவற்றின் விலைக்கு அவ்வித வரம்பு இல்லை. பில் பெருகுவது அங்கேதான். அவசர நிலையில் வருபவருக்கு முதலுதவி மறுக்கக் கூடாது. குறையிருந்தால் ஆஸ்பத்திரியிலேயே முறையிட ஏற்பாடு இருக்க வேண்டும். அதில் தீராவிட்டால் சுகாதார அமைச்சுக்கும், டாக்டரின் நடத்தை பற்றியதானால் மலேசிய மருத்துவ மன்றத்துக்கும் எழுதலாம். 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்துக் கடைகளும் மருந்தின் விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. அரிசிக்கும் சீனிக்கும் நாம் விலைச்சீட்டு வைப்பதுபோல மருந்துக்கும் வந்துவிட்டது. கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

4. வேலையும் சம்பளமும்

நிற்க. இதுவரை சொன்னது ஆஸ்பத்திரியின் கடமை. இனி வருவது நம் கடமை.

1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தில் நடைமுறையில் உள்ளது. அதன்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவருக்கு 18 நாளும், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாளும் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் அதற்கு 60 நாள் வரை தனி. கீமோ மருந்தை வாரக்கணக்கில் இடைவெளி விட்டுத்தான் ஏற்றுவார்கள். எனவே "இன்னும் எத்தனை நாள் லீவு?" என்று கடுகடுக்காமல், நாட்களைக் குறித்து வைத்து ஆளை மாற்றி அமர்த்துவது நல்ல முதலாளிக்கு அழகு. வேலை நேரத்தை மாற்றிக் கேட்டுத் தொழிலாளி எழுத்தில் விண்ணப்பித்தால் 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. சமையல் அடுப்படியில் நின்றவரைச் சில மாதம் கல்லாவில் உட்கார வைப்பது நம் கடைகளில் முடியாத காரியமா?

விடுப்பு தீர்ந்த மறுநாளே வேலையும் தீர்ந்தது என்று சட்டம் சொல்லவில்லை. நியாயமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி 60 நாளுக்குள், 1967-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தின்கீழ் முறையிடலாம்.

சொக்சோ சந்தாவை ஒழுங்காகக் கட்டுவது இங்கேதான் பயன்படுகிறது. நோயினால், தம் போன்ற ஆரோக்கியமுள்ள தொழிலாளி ஈட்டும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை வந்தால், சந்தாக் காலம் போதியதாக இருந்தால், இயலாமை ஓய்வூதியம் கிடைக்கும். முழு ஓய்வூதியத்துக்கு, அறிவிப்புக்கு முந்திய தொடர்ச்சியான 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் போதும். ஆனால் நம் பெயரில் நாமே நடத்தும் கடையின் முதலாளிக்கு இது பொருந்தாது. சொந்தத் தொழில் செய்பவர்களுக்காக 2017-இல் வந்த சட்டம் வேலையின்போது நேரும் விபத்துக்கும் தொழில் நோய்க்குமே. இதை அறியாமல், "நமக்கும் சொக்சோ இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

5. ஊரிலிருந்து வந்த தொழிலாளி

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒன்பது ஆண்டு பரோட்டா போட்டவர் ஒருவர், இராமநாதபுரம் ஜில்லாக்காரர். கழுத்தில் கட்டி கண்டது. பரிசோதனையில் புற்றுநோய் என்று தெரிந்தது. முதலாளி டிக்கெட் வாங்கி, கையில் 2,000 வெள்ளி கொடுத்து, விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார். பள்ளிவாசலில் எல்லோரும் அவர் தாராளத்தைப் பாராட்டினார்கள். ஆனால் பரிசோதனை அறிக்கை ஒன்றும் அந்தத் தொழிலாளியின் பையில் இல்லை. ஊரில் எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து தொடங்க இரண்டு மாதம் போயிற்று. புற்றுநோய்க்கு இரண்டு மாதம் சிறிய காலமன்று.

2,000 வெள்ளி உபகாரம். அறிக்கை அவருடைய ஹக். நாம் உபகாரத்தில் தாராளமாகவும், ஹக்கில் மறதியாகவும் இருக்கிறோம்.

இப்போது விதிகளும் மாறியிருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் சொக்சோவின் இயலாமைத் திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர். அதற்கு முதலாளி அரை சதவிகிதமும் தொழிலாளி அரை சதவிகிதமும் கட்ட வேண்டும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் ஊழியர் சேமநிதிக்கும் இருதரப்பும் இரண்டு இரண்டு சதவிகிதம் செலுத்த வேண்டும். வேலைச் சட்டத்தின் நோய் விடுப்பு அவருக்கும் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரஜையல்லாதவருக்கு 2014-ஆம் ஆண்டின் உத்தரவுப்படி கட்டணம் பல மடங்கு அதிகம் என்பதால் பலர் ஊருக்குத் திரும்பவே விரும்புகிறார்கள். அது அவர் முடிவாக இருக்கட்டும். நம் வசதிக்காக நாம் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டாம்.

ஊருக்குப் போகிறவரிடம் திசுப் பரிசோதனை அறிக்கை, ஸ்கேன் படங்கள், கொடுத்த மருந்துகளின் பட்டியல், டாக்டரின் கடிதம் ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். பாக்கிச் சம்பளத்தைக் கணக்கு முடித்துக் கொடுங்கள். சொக்சோ விண்ணப்பத்தைப் புறப்படுமுன் போட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி, பணமில்லாதவரையும் கவனிப்பதைத் தன் நோக்கமாகக் கொண்டது. சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கு இந்திய ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி. வகுப்பிலும் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்குச் சலுகையும் உண்டு.

6. சேமநிதி, காப்புறுதி, வரி

ஊழியர் சேமநிதியில் பணமுள்ளவர், தமக்கோ மனைவி, மக்கள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருக்கோ புற்றுநோய் கண்டால், சிகிச்சைச் செலவுக்கு அதிலிருந்து எடுக்க விண்ணப்பிக்கலாம். வருமான வரியில், தமக்கோ மனைவி மக்களுக்கோ ஆகும் கொடிய நோய்ச் செலவுக்கு 2023 வரி ஆண்டு முதல் 10,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ரசீதுகளைக் கடை ரசீதுபோலவே கோப்பில் வையுங்கள்.

காப்புறுதியோ தக்காஃபுலோ எடுக்கும்போது கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள். ஏஜெண்டு எழுதிக்கொள்ளட்டும் என்று வெற்றுப் பாரத்தில் கையெழுத்திடாதீர்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை நடுவர் சேவையிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நோய் குணமான பிறகும் பலருக்கு அதன் பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. பிரான்சு தேசத்தில் 2022-இல் வந்த சட்டத்தின்படி, சிகிச்சை முடிந்து ஐந்து ஆண்டு மறுபடி நோய் வராதவர் வீட்டுக் கடன் காப்புறுதிக்குத் தம் பழைய புற்றுநோயைச் சொல்ல வேண்டியதில்லை. இதை மறக்கப்படும் உரிமை என்கிறார்கள். நம் நாட்டில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆயினும் சட்டம் வரும்வரை காத்திராமல் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: குணமானவரைப் பழைய வேலைக்கே எடுத்துக்கொள்வது. பெண் பார்க்க வருகிறவர்களிடம், "அந்த வீட்டில் புற்றுநோய்" என்று காதில் ஓதாமலிருப்பதும் அதைச் சேர்ந்ததே. அது தொற்று நோயன்று. ஒரே பாத்திரத்தில் உண்டால் பரவாது.

7. வலி நீங்கும் உரிமை

குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொன்னவுடன், "இனி ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டுவிடுகிறோம். ஒன்றுமில்லை என்பது தவறு. வலியைத் தணிப்பது ஒரு தனி வைத்தியம். அதைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. 1991-இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா என்னும் தரும ஸ்தாபனம் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடுதேடி வந்து கட்டணமின்றி இப்பணியைச் செய்கிறது. மார்ஃபின் என்றதும் போதை மருந்து என்று அஞ்சுகிறார்கள். டாக்டர் அளவிட்டு வலிக்குக் கொடுப்பது வேறு. மயக்கத்துக்காகத் தின்பது வேறு. ஐயமிருந்தால் ஆலிம்களிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெளியுங்கள். கேளாமலே மருந்தைப் பூட்டி வைத்து, ஒரு மனிதரை இரவெல்லாம் முனக விடாதீர்கள்.

நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு முஸ்லிம் மற்ற முஸ்லிமுக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாமறிவோம். போனால் சிறிது நேரம் இருந்து, அவர் பேச விரும்பினால் கேட்டுவிட்டு வாருங்கள். ஆளுக்கொரு பச்சிலை சொல்வதும், இறந்துபோனவர் கதையைச் சொல்வதும் வேண்டாம். ரமலானில் நோன்பு வைக்கவில்லையே என்று கேட்பதும் வேண்டாம். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் பறிக்கலாகாது.

செய்ய வேண்டியவை

சகோதரர்களே, இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த வாரத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, உங்கள் கடைச் சிப்பந்திகள் ஒவ்வொருவருக்கும் சொக்சோவும் சேமநிதியும் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பேரேட்டைப் பாருங்கள். இரண்டு, வரவேண்டிய கடனையும் தரவேண்டிய கடனையும் எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு அது இருக்குமிடத்தைச் சொல்லுங்கள். மூன்று, வீட்டிலோ கடையிலோ எவருக்கேனும் ஆறாத புண்ணோ, கரையாத கட்டியோ, காரணமில்லாத இரத்தப்போக்கோ இருந்தால், கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நாளைக் காலையிலேயே அழைத்துச் செல்லுங்கள்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. வஸ்ஸலாம்.